தீர்மானம் எழுதிய ஊர், மனு எழுதும் ஊர்

கடலூர் மாவட்டம் மங்கலம்பேட்டை பேருந்து நிறுத்தத்தில் காலை ஏழரை மணிக்கு அரை மணி நேரம் நின்றால் போதும், நாட்டு நடப்பு முழுவதும் காதில் விழுந்துவிடும். சிலிண்டர் விலை, கரண்ட் பில், வீட்டு வரி, ரேஷனில் பருப்பு போட்டார்களா, நூறு நாள் வேலைக் கூலி ஏறியதா என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். டீக்கடை பெஞ்சில் பாய் ஒருவர் வரி ரசீதைக் கண்ணுக்கு அருகில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் தன் வீட்டுக்கு எவ்வளவு ஏறியது என்று விரல்விட்டு எண்ணிச் சொல்கிறார்.

விருத்தாசலம் போகிற வண்டி வந்து நின்றது. ஆண்கள் ஏறிக்கொண்டார்கள். தூக்குச்சட்டியும் மஞ்சள் பையுமாக நின்ற ஆயா நகரவில்லை.

"ஏறலையா ஆயா?"

"அது காசு வண்டிப்பா. டவுன் பஸ்ஸு வரட்டும்."

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கூலி வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகிற பெண்ணின் முந்தானை முடிச்சில் அந்தக் காசு தங்குகிறது. அது பெரிய விஷயம். ஆனால் அந்த வண்டி வருகிற நேரம் வரை நிற்க வேண்டும். காசு மிச்சம், காலை செலவு. ஆயாவின் ஊர் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கிருந்து நடந்துதான் வந்திருக்கிறார். பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், நான்காக மடித்த வெள்ளைத்தாள். காலையில் ஒரு டவுன் பஸ் எங்கள் ஊருக்குள் வந்து போக வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அவரோடு நின்ற மூன்று பெண்களின் கையிலும் அதே மாதிரி உறை, அதே கோரிக்கை.

"நாலு பேரும் நாலு மனு வெச்சிருக்கோம். யாரு மனுவாச்சும் எடுபடாதா?"

அந்தக் கேள்வி என் மனதை விட்டு அகலவில்லை. ஏனென்றால் ஆயா போகிற அதே விருத்தாசலத்தில், பழமலைநாதர் கோயில் கல்வெட்டு ஒன்றில், இந்தச் சீமை மக்கள் யாருக்கும் மனு எழுதாமல் தாங்களே கூடித் தீர்மானம் எழுதிய கதை இருக்கிறது.

அன்று: 1429

சக ஆண்டு 1351. நம் கணக்கில் கி.பி. 1429. விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயரின் ஆட்சி. தமிழ்நாட்டின் நடுப்பகுதியும் காவிரிப் பாசனப் பகுதியும் அவருடைய அதிகாரிகளின் கையில் இருந்தன. கல்வெட்டுகள் அவர்களை ராஜகரத்தார் என்கின்றன. சேவைக்கு ஈடாக நிலவருவாய் பெற்றவர்கள் சீவிதக்காரர்கள். நிலத்துக்கு உரிமையாளர்கள் காணியாளர்கள். இந்த மூன்று அடுக்குக்கும் கீழே, உழுதவர்களும் நெய்தவர்களும் செக்கு ஓட்டியவர்களும் வியாபாரம் செய்தவர்களும் வலங்கை 98 சாதி, இடங்கை 98 சாதி என்ற இரு பெரும் பிரிவுகளாக இருந்தார்கள்.

வலங்கையும் இடங்கையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட கதைகளை வரலாறு நிறையச் சொல்லும். 1429-ல் அவை விருத்தாசலம் கோயிலில் ஒன்றாகக் கூடின. அரசு அதிகாரிகள் ஒடுக்குகிறார்கள், சீவிதக்காரர்களும் காணியாளர்களும் பிராமணர்களும் சேர்ந்துகொண்டு வரி பிடுங்குகிறார்கள் என்பது அவர்களுடைய குறை. அதற்கு அவர்கள் எடுத்த முடிவு இது: இப்படிப்பட்டவர்களுக்கு நம்மில் யாரும் தங்க இடம் கொடுக்கக் கூடாது. இந்த நாட்டில் பிறந்த யாரும் அவர்களுக்குக் கணக்கு எழுதக் கூடாது. நாட்டுக்குத் துரோகம் செய்கிறவனைக் குத்திக் கொல்ல வேண்டும்.

கடைசி வரி நம்மை நடுங்க வைக்கிறது, நடுங்கத்தான் வேண்டும். அதற்கு முந்தைய வரியில் நான் நின்றுவிட்டேன். கணக்கு எழுதக் கூடாது என்றார்கள். வாள் வைத்திருந்தவனுக்கும் வரி வாங்க ஓலையும் எழுத்தாணியும் தேவைப்பட்டன. யார் வீட்டில் எத்தனை தறி, எந்த வயலில் என்ன விளைச்சல் என்று எழுதித் தருகிற கை உள்ளூர்க் கை. அது நின்றால் அதிகாரம் பாதி நின்றுவிடும் என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டில் பழைய தஞ்சை மாவட்டத்துக் கொறுக்கையிலும் மக்கள் இன்னொரு கல்வெட்டை எழுதி வைத்தார்கள். விளைச்சலுக்கு ஏற்ற வரி போடாமல் அநியாயமாகப் போட்டதால் ஊரை விட்டே ஓட இருந்தோம், மண்டலத்து மக்கள் ஒன்றாக இல்லாததால்தான் இந்த அநியாயம் நடந்தது என்று பிறகு உணர்ந்தோம், இனி விளைச்சலுக்கு ஏற்ற நியாயமான வரியை மட்டுமே கொடுப்போம் என்பது அதன் சாரம். அத்தோடு விடவில்லை. நெல்லுக்கு எவ்வளவு, கரும்புக்கு எவ்வளவு, வாழை, மஞ்சள், இஞ்சி, கத்தரி என்று பயிர்வாரியாக விகிதம் குறித்தார்கள். தறிக்கும் செக்குக்கும்கூடக் கணக்கு வைத்தார்கள். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்த 1429 கல்வெட்டுகளை ஒன்றாக வைத்துப் படித்து, இது ஓர் ஊரின் சண்டை அல்ல, நாடு என்று அன்று அழைக்கப்பட்ட பல வட்டாரங்களில் பரவிய எழுச்சி என்று எடுத்துக்காட்டினார்கள்.

என்னை அசைத்த செய்தி ஒன்று உண்டு. அவர்கள் வரியே கட்டமாட்டோம் என்று சொல்லவில்லை. எது நியாயம் என்பதை நாங்களும் சேர்ந்துதான் முடிவு செய்வோம் என்றார்கள். எல்லோரும் வந்து போகிற கோயிலில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், அழியாத கல்லில் அதை வெட்டினார்கள்.

எண்ணிக்கை இருக்கிறது, இடம் எங்கே?

பிறகு வந்த நூற்றாண்டுகளில் தீர்மானம் எழுதிய கை மனு எழுதப் பழகியது. கும்பினி ஆட்சியில் தென்னார்க்காடு ஜில்லா ஆனோம். வருடா வருடம் ஜமாபந்தி வந்தது. ஊர்க் கணக்கைத் தாலுகாவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதும், குடியானவன் தனித்தனியாகக் கைகட்டி நின்று குறை சொல்வதும் வழக்கமாயிற்று. 1884-ன் மதராஸ் உள்ளாட்சி வாரியச் சட்டம் ஜில்லா போர்டையும் தாலுகா போர்டையும் கொண்டுவந்தது. 1920 தேர்தலுக்குப் பின் மதராஸ் மாகாணத்தின் முதல் முதலமைச்சராக அமர்ந்தவர் இந்தத் தென்னார்க்காட்டின் அ. சுப்பராயலு ரெட்டியார்தான். ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சொத்தும் வரி ரசீதும் உள்ளவர்களுக்கே இருந்தது. வரி கட்டினால்தான் வாக்கு என்ற காலம் அது. ஏர் பிடித்தவன் வெளியே நின்றான்.

1952-ல் இருபத்தொரு வயது நிறைந்த எல்லோருக்கும் வாக்குரிமையோடு முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலில் இந்த மாவட்டத்திலிருந்து இரண்டு குரல்கள் எழுந்தன. ஒன்று எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாருடையது. எண்ணிக்கையில் பெருகியிருந்தும் பதவியிலும் படிப்பிலும் பின்தங்கியிருந்த வன்னியர்களுக்கு உரிய பங்கு கேட்டு அவர் தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, சட்டமன்றத்தில் 19 இடங்களை வென்றது. 1954-ல் காமராஜர் அமைச்சரவையில் அவர் பொறுப்பேற்ற துறை உள்ளாட்சி. இன்னொரு குரல் எல். இளையபெருமாளுடையது. 1952-ல் கடலூரிலிருந்தும் அடுத்து சிதம்பரத்திலிருந்தும் மக்களவைக்குப் போனவர். தீண்டாமை பற்றி நாடு முழுவதும் ஆராய 1965-ல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். 1969-ல் வந்த அந்த அறிக்கை இந்திய கிராமத்தின் முகத்துக்கு நேரே பிடித்த கண்ணாடி.

இருவரும் வேறு வேறு தெருவிலிருந்து வந்தவர்கள். இருவர் கேட்டதும் ஒரே கேள்வி: எங்களுக்கு எண்ணிக்கை இருக்கிறது, இடம் எங்கே? இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டு அரசியலுக்குள் உரக்கக் கொண்டுபோனதில் கடலூர், சிதம்பரம் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று: நாற்காலி வந்தது

1970-க்குப் பிறகு 1986 வரை ஊராட்சித் தேர்தல் இல்லை. பதினாறு ஆண்டுகள். அதில் பிறந்த பிள்ளை தேர்தல் வருவதற்குள் பள்ளிப் படிப்பை முடித்திருக்கும். 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களும் 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்த பிறகு 1996-ல் புதிய ஏற்பாட்டில் தேர்தல் நடந்தது. பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற இடம், பெண்களுக்கு மூன்றில் ஒன்று. 2016-ல் அது பாதியாக உயர்ந்தது. 1429-ன் கல்லில் ஒலிக்காத பெண் குரல், 2022 பிப்ரவரி 19 தேர்தலுக்குப் பின் தமிழ்நாட்டின் பேரூராட்சி மன்றங்களில் பாதி நாற்காலியில் அமர்ந்தது. ஊரில் ஒரு தலைமுறைக்கு முன் வாசலுக்கு வந்து பேசத் தயங்கிய வீட்டுப் பெண்கள், இன்று அந்த மன்றக் கூட்டங்களில் குழாய்க்கும் தெருவிளக்கிற்கும் வாதாடுகிறார்கள். எந்தத் தீர்மானத்தையும்விடப் பெரிய மாற்றம் இது.

நாற்காலி சட்டத்தில் வந்த பிறகும் தரையில் உட்கார வைத்த மாவட்டமும் இதுதான். 2020 ஜூலையில் புவனகிரி பக்கம் தெற்குத் திட்டை ஊராட்சியில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர்த்தப்பட்டார். அக்டோபரில் அந்தப் படம் நாடு முழுவதும் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. இளையபெருமாள் குழு அறிக்கை கொடுத்து அரை நூற்றாண்டு கழித்து, அவருடைய சொந்தத் தொகுதிப் பக்கத்தில் நடந்தது அது. அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நியாயமான பிரதிநிதித்துவம் என்றால் வாக்குச்சீட்டில் பெயர் மட்டும் போதாது. வென்றவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிற நாளில்தான் அது முழுமையாகும்.

ஆளே இல்லாத ஆண்டுகளும் உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலை இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை, ஐந்து ஆண்டு நான்கு மாதம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர் கையெழுத்திட்டார், ஊர் நடந்தது. நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோதும் மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள். பதவிக்காலம் முடியும் முன் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243E பிரிவும் நகர்ப்புறத்துக்கான 243U பிரிவும் சொல்கின்றன. சட்டமன்றத்துக்கு ஐந்து வருடம் தேர்தல் தள்ளிப்போனால் நாடு கொதிக்காதா? நம் தெருவுக்குத் தள்ளிப்போனபோது நாம் பேசாமல் இருந்தோம்.

வரி ஏறிய நாள்

2022 மார்ச் 2-ல் புதிய உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். ஏப்ரல் தொடங்கியபோது சொத்து வரி உயர்வு வந்துவிட்டது. சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு இப்படி: 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. ஆண்டுக்கு 400 ரூபாய் கட்டிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 600 அடிக்குள் இருந்தால் 500 ஆகும். ஓர் அடி கூடினால் 600 ஆகும். கூரைச் சார்ப்பு இறக்கி ஆட்டைக் கட்டியவர்கள் அன்று டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்கள்.

டீக்கடையில் நடந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. "பதினாலு வருசமா ஏத்தலப்பா, குப்பை வண்டிக்கு டீசல் யார் போடறது?" என்றார் ஒருவர். சென்னைக்கு வெளியே கடைசியாக 2008-ல்தான் உயர்ந்தது, உண்மை. உயர்த்தாவிட்டால் 15-ஆவது நிதிக்குழு மானியம் கிடைக்காது என்பது அரசு சொன்ன காரணம். "சரிதான். கொரோனாவுல கடைய மூடிட்டு இப்பதான் எழுந்து நிக்கறோம். ஒரே மூச்சுல ஏத்தணுமா? நம்மள ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார் பாய்.

கேட்டார்களா என்பதுதான் கேள்வி. சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்ற படிநிலை கொறுக்கைக் கல்லில் பயிருக்குப் பயிர் வகுத்ததற்குச் சொந்தக்காரன்தான். நியாயத்தின் எலும்பு இரண்டிலும் இருக்கிறது. அன்று விகிதத்தைக் கட்டுகிறவர்கள் கூடிப் பேசி வகுத்தார்கள். இன்று அது கோட்டையில் முடிவாகி, மன்றங்களுக்கு வந்து, தீர்மானமாகி, ரசீதாக வீட்டுக்கு வருகிறது. பேட்டை என்றால் சரக்கு வந்து இறங்கி விலை பேசுகிற இடம். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற ஊருக்கு வரியைப் பற்றிப் பேச ஒரு திண்ணை வேண்டாமா?

அந்தத் திண்ணையைச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-ல் விதிகள் வந்தன. உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ல் பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. கிராமத்துக்குக் கிராம சபை இதற்கு முன்பே உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்றிருந்த நாட்களோடு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டம். 500 பேருக்குள் உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை உள்ளதில் 100 பேர் வந்தால் கூட்டம் செல்லும். ஊராட்சியின் வரவு செலவை அங்கே படிக்க வேண்டும். ஊராட்சியின் வாக்காளர் எவரும் எழுந்து கேட்கலாம்.

நாம் கிராம சபைக்குப் போகிறோமா? கையெழுத்து நோட்டு வீட்டுக்கு வருகிறது, போட்டுவிடுகிறோம். பகுதி சபை என்று ஒன்று இருப்பதே பல தெருக்களுக்குத் தெரியாது. மனுவுக்கோ வரிசை நீள்கிறது. 2025 ஜூலை 15-ல் நம் சிதம்பரத்தில்தான் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கின. நகரத்தில் 43 சேவைகள், கிராமத்தில் 46 சேவைகள் என்று அறிவித்தார்கள். வாரம்தோறும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் அலைந்தவனுக்கு அலுவலகமே ஊருக்கு வருவது நல்லதுதான். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மனு ஒருவனைத் தனியாக நிறுத்துகிறது. பட்டாவைத் தனியாகக் கேட்கலாம். பஸ்ஸையும் வாய்க்காலையும் வரியையும் தனியாகக் கேட்டு ஆகாது.

கோடு நகர்கிறது

விருத்தாசலம் சட்டமன்றத் தொகுதி 2004 தேர்தல் வரை சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் இருந்தது. 2008-ன் மறுவரையறைக்குப் பின் கடலூரில் இருக்கிறது. விருத்தாசலத்தில் ஓடும் மணிமுத்தாறு இடம் மாறவில்லை, கோடு மாறியது. இப்போது அதைவிடப் பெரிய கோடு பற்றிப் பேச்சு. 1967 தேர்தலில் நம் மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆகக் குறைந்தன. மக்கள்தொகை அடிப்படையில் மாநிலங்களுக்கு இடம் பிரிப்பதை 1976-ல் நிறுத்தி வைத்தார்கள். 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை அந்த நிறுத்தத்தை 2001-ல் நீட்டித்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி செய்த மாநிலத்துக்கு அதற்காகவே குரல் குறையலாமா என்ற கேள்வியோடு 2025 மார்ச் 5-ல் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டமும், 22-ல் பல மாநிலத் தலைவர்கள் கூட்டமும் நடந்தன.

அந்தக் கேள்வி நியாயமானது. டீக்கடையிலும் அதைப் பற்றி உணர்ச்சியோடு பேசுகிறோம். டெல்லியில் நம் குரல் குறையக் கூடாது என்று கேட்கிற அதே நாக்கு, சென்னையில் மங்கலம்பேட்டையின் குரலையும், மங்கலம்பேட்டையில் காலனித் தெருவின் குரலையும் கேட்க வேண்டும். நியாயம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இருக்க முடியாது.

1429-ன் ஆட்களுக்கு வாக்கு இல்லை, இடஒதுக்கீடு இல்லை, நீதிமன்றம் இல்லை. கூடுகிற வழக்கம் இருந்தது. நமக்கு மற்ற எல்லாம் இருக்கிறது, கூடுகிற வழக்கம் போய்விட்டது. பகுதி சபை எந்த நாளில், எந்த இடத்தில் என்று ஒரு வாரத்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். வரி விகிதமும் ஊரின் வரவு செலவும் கொட்டை எழுத்தில் பொதுச்சுவரில் இருக்க வேண்டும். பதவிக்காலம் முடிந்தால் தேர்தல், தள்ளிப்போடக் கூடாது. இந்த மூன்றையும் நாம் சேர்ந்து கேட்க வேண்டும்.

டவுன் பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் அந்த நான்கு பெண்களிடமும் நான்கு தாள்களையும் வாங்கிப் படித்தேன். நாலும் ஒரே வாசகம், கீழே பெயர்தான் வேறு. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மனு என்று எழுத வந்த கையை நிறுத்தி, தீர்மானம் என்று தலைப்பு போட்டேன். எந்த ஊருக்கு, எந்த நேரத்துக்கு, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கும் எத்தனை பெண்கள் வேலைக்கும் போகிறார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். எண்ணிக்கை சொல்லும்போது நால்வருக்கும் ஒத்துவரவில்லை. மேலத்தெரு விட்டுப்போச்சு என்றார் ஒருவர்.

"அப்ப வீடு வீடா கேட்டுத்தான் எழுதணும்" என்றார் ஆயா. தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். "அடுத்த கிராம சபை எப்பப்பா?"

தேதியைச் சொன்னேன். மனு கொடுக்கப் புறப்பட்டவர்கள் அன்று பஸ் ஏறவில்லை. கணக்கெடுக்க ஊருக்குத் திரும்பி நடந்தார்கள்.